கடற்பாசிப் பயிரும் கண்ணுக்குத் தெரியாக் களையும்

நமது சங்கக் கிடங்கில் சென்ற பருவத்தில் உரம் வாங்க வந்த அங்கத்தினர் ஒருவர், கடற்பாசிச் சாறு அடைத்த புட்டி ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிலத்துப் பயிருக்குக் களை உண்டு, பூச்சி உண்டு, வறட்சி உண்டு. கடலில் விளையும் பயிருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? தண்ணீருக்குப் பஞ்சமா, உப்புக்குப் பஞ்சமா?" என்று கேட்டார். உடனிருந்தோர் நகைத்தனர். ஆயினும் அக்கேள்வி நகைத்துத் தள்ளிவிடத் தக்கதன்று. கடற்பயிருக்கும் களை உண்டு. அந்தக் களை தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாதது. கோடிக்கணக்கில் திரண்டபோதுதான் நீரின் நிறமாக வெளிப்படுவது. அது பயிரை நஞ்சிட்டுக் கொல்வதில்லை. அதன் உணவைத் தான் முந்தியுண்டு பட்டினி போடுகின்றது. அதன் பெயர் டயாட்டம்.

வேலூரிலும் ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் வாழும் நமக்குக் கடல் எங்கோ, கடற்பாசி எங்கோ என்று வாசகர்கள் எண்ணக்கூடும். நெசவாளர் வீட்டுத் துணி அச்சுப்பட்டறைக்குச் செல்கின்றதே, அங்கே சாயத்தைக் குழைத்துக் கெட்டியாக்கும் பசையில் ஆல்ஜினேட் என்னும் பொருள் சேர்கின்றது. இன்று பருத்தித் துணியில் பெரிதும் வழங்கும் ரியாக்டிவ் சாயங்கள் மாவுக் கஞ்சியோடு தாமே கூடி வீணாகிவிடும். ஆல்ஜினேட்டோடு அவை கூடுவதில்லை. ஆதலால் சாயம் முழுவதும் நூலையே பற்றுகின்றது. இப்பொருள் இராமநாதபுரக் கரையில் கட்டக்கோரை என்று வழங்கும் பழுப்புப் பாசி போன்றவற்றிலிருந்து எடுக்கப்படுவது. உழவருக்கோ, கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ விற்கும் சாகரிகா முதலிய சாற்றுரங்கள் கடற்பாசியிலிருந்தே வடிக்கப்படுகின்றன. இவ்விரண்டினும் பெரிய உறவு மூன்றாவது ஒன்றுண்டு. அது பாலாறு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

தமிழ்நாட்டுக் கடற்பாசித் தொழில் இருவகைப்பட்டது. ஒன்று, இயற்கையில் பாறைகளில் விளைந்ததைப் பறிப்பது. பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள் கண்ணாடி அணிந்து மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை ஆகியவற்றைப் பல தலைமுறைகளாகக் கொய்து வருகின்றனர். மற்றொன்று பயிரிடுவது. கப்பாஃபைகஸ் என்னும் செம்பாசி வெளிநாட்டிலிருந்து 1984-ஆம் ஆண்டில் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பெற்று, மத்திய உப்பு, கடல் வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தாரால் குஜராத்திலும் பின்னர் மண்டபத்திலும் வளர்த்துப் பார்க்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டையொட்டி பெப்சி நிறுவனம் இத்தொழிலில் இறங்கியமையால் கரையோரத்தார் சிலர் இதனை இன்றும் 'பெப்சி பாசி' என்றே அழைக்கின்றனர்.

பயிரிடும் முறை எளியது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் அளவுள்ள மூங்கில் மிதவையில் கயிறுகளை வரிசையாகக் கட்டி, அவற்றில் பாசித் துண்டுகளை முடிந்துவிடுவர். ஒரு மிதவைக்குச் சுமார் 60 கிலோ நாற்று வேண்டும். 45 நாளில் அது ஏறத்தாழ 260 கிலோவாகப் பெருகும். மறுநடவுக்கு 60 கிலோவை எடுத்து வைத்தால் எஞ்சிய 200 கிலோ உலர்ந்து பத்தில் ஒரு பங்காக நிற்கும். ஒருவருக்கு 45 மிதவை என்பது கணக்கு. அப்போதுதான் நாளொன்றுக்கு ஒரு மிதவை அறுவடைக்கு வரும். மாதச் சம்பளம் போலன்றி நாட்கூலி போலத் தவறாமல் வருவாய் கிட்டும் இவ்வேற்பாட்டைச் சுய உதவிக் குழுப் பெண்கள் விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் இதே ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் ஒளிந்துள்ளது. நாற்று வேறு, விளைச்சல் வேறு அன்று. இன்றைய பயிரே நாளைய விதை. பயிர் போயிற்றென்றால் விதையும் போயிற்று.

இனி டயாட்டத்திற்கு வருவோம்.

டயாட்டம் என்பது ஓரறைச் செடி. ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்கு வரை அளவுடையவையே மிகுதி. இதன் சிறப்பு இதன் ஓட்டில் உள்ளது. மாத்திரை டப்பாவும் அதன் மூடியும் போல ஒன்றுள் ஒன்று பொருந்திய இரு கண்ணாடிச் சிப்பிகளுக்குள்ளே இவ்வுயிர் வாழ்கின்றது. கண்ணாடி என்றது உவமையன்று. மணலிலும் நெல் உமியிலும் உள்ள சிலிக்காவே அவ்வோடு. வைக்கோல் கையை அறுப்பதும் உமிச்சாம்பல் பாத்திரத்தைத் துலக்குவதும் எந்தப் பொருளாலோ, அதே பொருளைக் கடல்நீரிலிருந்து உறிஞ்சித் தனக்கு வீடு கட்டிக்கொள்கின்றது டயாட்டம். பண்டைக் காலத்து ஓடுகள் படிந்து இறுகிய வெண்மண்ணைத் தானியத்தில் தூவி வண்டுகளை ஒழிப்பதுண்டு. நோபெல் 1867-இல் உரிமை பெற்ற டைனமைட்டில் வெடிநீரை ஊறவைத்ததும் இம்மண்ணில்தான்.

இதனைத் தீய உயிரென்று எவரும் கருதிவிடலாகாது. உலகில் பச்சைத் தாவரங்கள் யாவும் கதிரவன் ஒளியால் ஆக்கும் உணவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு டயாட்டங்களால் ஆவது. சாளையும் நெத்திலியும் இறாலும் இதனையோ, இதனைத் தின்னும் சிற்றுயிர்களையோ உண்டுதான் வளர்கின்றன. டயாட்டமில்லாக் கடல் மீனில்லாக் கடலாகும். நஞ்சு சுரக்கும் சில இனங்களும் உள்ளன. 1987-இல் கனடா நாட்டில் அத்தகைய டயாட்டத்தை உண்ட சிப்பிகளைத் தின்று நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். அது தனிக் கதை. கடற்பாசிப் பயிருக்குக் கேடு செய்பவை பெரும்பாலும் நஞ்சற்ற இனங்களே. அவற்றின் குற்றம் பெரும்பசி ஒன்றே.

நெல் வயலில் தழைச்சத்துக் குறைந்தால் என்ன நிகழும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அடியிலை முதலில் மஞ்சளாகும். பயிர் தன் பச்சையத்தைத் தானே பிரித்து, அதிலுள்ள சத்தைக் குருத்துக்கு அனுப்பும். செம்பாசியிலும் இதுவே நடக்கின்றது. அதன் செந்நிறம் ஒரு புரதத்தால் ஆனது. புரதத்தில் தழைச்சத்து உண்டு. நீரில் தழைச்சத்து அற்றுப்போனால் பாசி தன் நிறத்தையே பிரித்து உண்டு உயிர் தாங்குகின்றது. கருஞ்சிவப்பாய் இருந்தது பழுப்பாகி, மஞ்சளாகி, வெளுத்துப்போகின்றது. உயிர் இருக்கும், விலை இராது. சாயம் போன லுங்கியைச் சந்தைக்குக் கொண்டுசென்ற நெசவாளர் இதன் பொருளை எளிதில் உணர்வார்.

கடல்நீரில் கலந்துள்ள தழைச்சத்தின் அளவோ மிகச் சிறிது. வயலில் ஏக்கருக்கு மூட்டைக் கணக்கில் பேசும் நமக்கு அது வியப்பளிக்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் ஜப்பானியப் பாசி உழவர்கள் கவலை கொள்ளத் தொடங்குகின்றனர். டயாட்டம் நாளொன்றுக்கு ஒருமுறையேனும் இரண்டாகப் பிரியவல்லது. ஒன்று பத்து நாளில் ஆயிரத்தைத் தாண்டும். இருபது நாளில் பத்து லட்சத்தைத் தாண்டும். கயிற்றில் கட்டுண்டு ஓரிடத்தில் நிற்கும் பாசி, நீரெங்கும் மிதந்து திரியும் இக்கூட்டத்தோடு போட்டியிட்டு எவ்வாறு உண்ண இயலும்?

இது வெறும் கற்பனையன்று என்பதை ஜப்பான் நாட்டு அரியாகே கடலின் வரலாறு காட்டும். கியூஷு தீவின் நடுவே உட்புகுந்த ஆழமற்ற கடல் அது. ஏற்றவற்றம் சில இடங்களில் 6 மீட்டரை எட்டும். அங்கே கம்பங்களை நட்டு, வலைகளைக் கட்டி, அவற்றில் நோரி என்னும் செம்பாசியைப் பயிரிடுகின்றனர். அக்டோபரில் வித்து பிடித்த வலையைக் கட்டினால் நவம்பர் முதல் மார்ச் வரை பலமுறை கொய்வர். கொய்த பாசியை அரைத்துக் காகிதம் போல் தாளாக்கி உலர்த்தி, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக ஏலத்தில் விற்கின்றனர். ஒரு தாளின் எடை சுமார் 3 கிராம்; கருமையும் பளபளப்பும் மிக்க தாளுக்கே உயர்ந்த விலை.

2000-ஆம் ஆண்டு இறுதியில், குளிர்கால நடுவில், அக்கடலில் ரைசோசொலீனியா என்னும் நீண்ட குச்சி வடிவ டயாட்டம் பெருகிற்று. வழக்கமாக அத்தகைய பெருக்கம் சில நாட்களில் அடங்கிவிடும். அவ்வாண்டு அது அடங்கவில்லை, வாரக்கணக்கில் நீடித்தது. வலைகளிலிருந்த நோரி வெளுத்தது. கொய்தவை ஏலத்தில் போகவில்லை. பலர் கொய்யாமலே விட்டனர். 2001 ஜனவரியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படகுகள் அணிவகுத்து, அக்கடலின் ஒரு கோடியிலுள்ள இசஹாயா விரிகுடாவின் அணையை நோக்கிச் சென்றன.

அணைக்கு ஏன் சென்றார்கள்? 1997 ஏப்ரல் 14-ஆம் நாள் அவ்விரிகுடாவின் குறுக்கே 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய கரையின் இறுதித் திறப்பு, 293 எஃகுத் தகடுகளை வரிசையாக இறக்கி மூடப்பட்டது. உள்ளே நன்செய் நிலம் ஆக்குவதும் வெள்ளத்தைத் தடுப்பதும் நோக்கம். சேற்றுப்பரப்பும் அதிலிருந்த சிப்பியும் டயாட்டத்தைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்தன, நீரோட்டமும் தளர்ந்துவிட்டது, ஆகவே அணையே தங்கள் நோரியை அழித்தது என்பது மீனவர் வாதம். மழையும் வெயிலும் மாறி வந்த அவ்வாண்டின் பருவமே காரணம் என்றும், அணையின் பங்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் எதிர்த்தரப்பார் கூறினர். அறிவியலாரிடையேயும் இது முற்றத் தீர்ந்த வழக்கன்று.

2002-இல் சோதனைக்காகச் சில வாரங்கள் மதகு திறக்கப்பட்டது. 2010 டிசம்பரில் ஃபுகுவோகா உயர் நீதிமன்றம் ஐந்தாண்டு திறந்து வைக்கும்படி ஆணையிட்டது. ஆனால் அதற்குள் கரைக்கு உட்புறம் புதிய நிலத்தில் குடியேறி உருளைக்கிழங்கும் வெங்காயமும் பயிரிட்டிருந்த உழவர்கள், மதகைத் திறந்தால் உப்புநீர் புகுந்து தங்கள் நிலம் பாழாகும் என்று வழக்கிட்டனர். 2013 நவம்பரில் வேறொரு நீதிமன்றம் திறக்கலாகாதென்று தடை விதித்தது. திறக்காவிடில் ஒரு தரப்பாருக்கு அபராதம், திறந்தால் மற்றத் தரப்பாருக்கு அபராதம் என்னும் விசித்திர நிலையில் ஜப்பானிய அரசு சில ஆண்டுகள் நின்றது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தோடு வழக்கு முடிந்தது. மதகு மூடியே உள்ளது. உழவன் ஒருபுறம், கடலுழவன் ஒருபுறம் நின்று பொருதிய இவ்வழக்கில் நாம் எவர் பக்கமும் சாய விரும்பவில்லை. உப்புக்கு அஞ்சும் உழவனின் அச்சம் என்னவென்பது பாலாற்றங்கரையில் உள்ளார்க்குத் தெரியும்.

இங்கே ஒரு சிறு செய்தி. நோரியின் வித்து கோடையில் எங்கே மறைகின்றது என்பதை நெடுங்காலம் எவரும் அறியார். அது சிப்பி ஓட்டுக்குள் நுண்ணிழையாக வாழ்கின்றது என்று 1949-இல் கண்டறிந்தவர் காத்லீன் ட்ரூ என்னும் ஆங்கிலப் பெண்மணி. அவர் ஜப்பானுக்குச் சென்றதே இல்லை. இருந்தும் நோரி உழவர்கள் 1963-இல் அரியாகே கடலைப் பார்த்தவாறு அவருக்கு நினைவுக்கல் எழுப்பி ஆண்டுதோறும் விழா எடுக்கின்றனர். அவ்விழா நாளும் ஏப்ரல் 14. வித்தைத் தந்தவரை வணங்கும் நாளிலேயே மதகும் இறங்கிற்று.

அந்தப் பாசி உழவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதே கூட்டுறவாளராகிய நமக்கு முக்கியம். அங்கே கடல் எவருக்கும் சொந்தமன்று. பயிரிடும் உரிமை சங்கத்தின்பாற்பட்டது. சங்கமே வயல் பிரித்துக் கொடுக்கின்றது. வலை கட்டும் நாளும் எடுக்கும் நாளும் சங்கத்தின் முடிவுப்படி ஒன்றாகவே நிகழும். மாவட்ட ஆராய்ச்சி நிலையத்தார் படகில் சென்று பல இடங்களில் நீர் மொண்டு, அதிலுள்ள சத்தையும் டயாட்டத்தின் எண்ணிக்கையையும் கணக்கிட்டு உடனுக்குடன் அறிவிக்கின்றனர். சத்து இறங்குகின்றது என்று செய்தி வந்தால் முற்றும்வரை காத்திராமல் நிறம் உள்ளபோதே கொய்துவிடலாம்.

அதனினும் பெரிய காப்பு குளிர்ப்பெட்டியில் உள்ளது. வித்து முளைத்துச் சிறிது வளர்ந்த வலைகளில் ஒரு பகுதியைக் கடலிலிருந்து எடுத்துக் காற்றில் உலர்த்திக் கடுங்குளிரில் உறைய வைத்துவிடுகின்றனர். முதற்போகம் முடிந்தபின்போ, கெட்டபின்போ அவற்றை எடுத்து மீண்டும் கடலில் கட்டினால் பாசி உயிர்த்து வளரும். டயாட்டம் பெருகியிருக்கும் வேளையில் உறைவலையை வெளியே எடுக்காமல், அது அடங்கியபின் கட்டுவதுண்டு. இத்தனை செய்தும் அவர்கள் முற்றிலும் தப்பினார்களில்லை. 2022-23 பருவத்தில் மழைக்குறைவாலும் டயாட்டப் பெருக்காலும் அரியாகே மீண்டும் வெளுத்தது. பத்தொன்பது ஆண்டுகள் நோரி உற்பத்தியில் முதலிடம் வகித்த சாகா மாநிலம் அவ்விடத்தை ஹியோகோவுக்கு விட்டுக்கொடுத்தது.

நம் கரையின் நிலை சற்று வேறு. மன்னார் வளைகுடாவில் நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ திரண்டு படர்வதைப் பாம்பன், மண்டபம் பகுதி மீனவர் 'பூங்கோரை' என்பர். அண்மையில் பெரும் கேடு விளைத்த பூங்கோரை நாக்டிலூகா என்னும் உயிரால் ஆனது. அது டயாட்டமன்று, டயாட்டத்தைத் தின்று கொழுப்பது. தென்மேற்குப் பருவக்காற்றின் இறுதியில் கடலில் சத்து மேலெழுந்து டயாட்டம் பெருகும். அதனைத் தொடர்ந்து உண்போனும் பெருகும். இரவில் அலையில் நீல ஒளி தெறிக்கும். கரையிலிருப்போர் வியந்து பார்ப்பர். பின்னர் அக்கூட்டம் மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகின்றது. 2008 அக்டோபரிலும் 2019 செப்டம்பர், அக்டோபரிலும் இவ்வாறு நிகழ்ந்து மீன்கள் செத்துக் கரையொதுங்கின. மண்டபத்தையொட்டிய தீவுகளில் பவளங்கள் மாண்டன. 2019-இல் அங்கே நீரின் பிராணவாயு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனதை ஆராய்ச்சியாளர் அளந்து கண்டனர்.

டயாட்டம் நம் மிதவைப் பாசிக்கு வேறொரு வழியிலும் தொல்லை தருகின்றது. மிதக்கும் இனங்களைப் போலவே ஒட்டி வாழும் இனங்களும் உண்டு. நீரோட்டம் தளர்ந்த நாட்களில் அவை பாசிக் கிளைகளின்மேல் பழுப்பு நிறப் பூச்சாகப் படிகின்றன. சேறும் அதனோடு சேர்கின்றது. ஒளி மறைகின்றது, சத்து நுழைவது தடைபடுகின்றது, நலிந்த கிளை வெளுத்து ஒடிகின்றது. கயிற்றைப் பிடித்து நீரில் அலசி உதறுவதே இதற்குக் கைமருந்து. நோரி உழவர்கள் வலையை வெயிலிலும் காற்றிலும் தூக்கி நிறுத்தி ஒட்டுண்ட டயாட்டத்தைக் காயவிடுகின்றனர். நோரி அதனைத் தாங்கும். கப்பாஃபைகஸ் அவ்வாறு காய்ச்சலைத் தாங்காது என்பதால் அம்முறை இங்கே பயன்படாது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கப்பாஃபைகஸ் பயிரின் பெருவீழ்ச்சிக்கு டயாட்டத்தைக் குற்றஞ்சாட்ட முடியாது. 2001-இல் 21 டன்னாக இருந்த உலர்பாசி உற்பத்தி 2012-13-ஐ ஒட்டிச் சுமார் 1,500 டன்னை எட்டிற்று. அதன்பின் கடல்நீர் வெப்பம் மிகுந்து பாசி கூட்டங்கூட்டமாக மடிந்தது, உற்பத்தி சரிந்தது. ஒரே வித்திலிருந்து துண்டு துண்டாக வெட்டிப் பெருக்கிய பயிராதலால், ஒரு கிளைக்குத் தாங்காத வெப்பம் எந்தக் கிளைக்கும் தாங்கவில்லை. பயிர் போனபோது விதையும் போயிற்று. கேடு வெப்பத்தால் வந்தாலென்ன, டயாட்டத்தால் வந்தாலென்ன, உறைவலை போன்ற சேமிப்பொன்று இல்லாதவர் மீண்டெழ ஆண்டுகள் பிடிக்கும். இப்பாசி குருசடைத் தீவருகே பவளத்தின்மேல் பரவியதை 2008-இல் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியதையும் மறைப்பதற்கில்லை; மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவை விட்டு, பாக் நீரிணைப் பக்கம் இது பயிரிடப்படுவதன் நியாயம் அதனால் விளங்கும்.

டயாட்டம் ஏன் ஓரிடத்தில் மிகுகின்றது, ஏன் ஓரிடத்தில் பயிர் பட்டினி கிடக்கின்றது என்று கேட்டால், விடை நிலத்திலிருந்து வரும் நீரில் உள்ளது. இதில் ஜப்பானியர் கற்ற பாடம் நமக்குச் சிறிது குழப்பமளிக்கும். செத்தோ என்னும் அவர்களது உள்நாட்டுக் கடலில் 1972-இல் வேறொரு நுண்ணுயிர் பெருகி 1.4 கோடி வளர்ப்பு மீன்கள் மாண்டன. ஆலைக்கழிவும் நகரக்கழிவும் கொண்டுவந்த சத்தே காரணமென்று கண்டு, 1973-இல் சட்டமியற்றிக் கழிவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினர். கடல் தெளிந்தது. ஆனால் சில பத்தாண்டுகளில் நேர்மாறான முறையீடு எழுந்தது: நோரிக்குத் தழைச்சத்துப் போதவில்லை, இருக்கும் சிறிதளவையும் குளிர்கால இறுதியில் யூகாம்பியா என்னும் டயாட்டம் கவர்ந்துகொள்கின்றது, நோரி வெளுக்கின்றது. 2019-இல் ஹியோகோ மாநிலம், கடல்நீரில் மொத்தத் தழைச்சத்து லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையலாகாது என்று கீழெல்லையே வகுத்தது. 2021-இல் நாட்டுச் சட்டமும் திருத்தப்பட்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் குளிர்காலத்தில் சற்று மிகுதியான தழைச்சத்தை விட இப்போது அனுமதி உண்டு.

அவாஜி, அகாஷி முதலிய இடங்களில் மற்றொன்றும் செய்கின்றனர். உழவர்களும் மீனவர்களும் சேர்ந்து, சாகுபடி முடிந்தபின் பாசனக் குளத்து நீரை வடித்து, அடியிலுள்ள வண்டலைக் கலக்கிக் கால்வாய் வழியே கடலுக்கு அனுப்புகின்றனர். குளத்துக்குத் தூர் வாரியதுமாயிற்று. நோரிக்கு எரு இட்டதுமாயிற்று. உழவர் தொகை குறைந்து குளங்கள் தூர்ந்துகிடந்தபோது மீனவர் சங்கத்தார் மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள். ஏரி வண்டலை வண்டியேற்றி வயலுக்கு அடித்த நம் முன்னோருக்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

இதனைக் கேட்டு, "அப்படியானால் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவும் கடலுக்கு எருதானே" என்று எவரேனும் சொல்லக்கூடும் என்பதால் பாலாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியுள்ளது. கருநாடகத்து நந்தி மலையருகே தோன்றி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியாய் 348 கிலோமீட்டர் ஓடிக் கல்பாக்கத்தருகே வயலூரில் கடலைச் சேரும் ஆறு இது. பச்சைத்தோல் கெடாதிருக்க இடும் உப்பு கடற்கரை உப்பளங்களிலிருந்து வருகின்றது. கழுவியபின் நம் ஆற்றுமணலில் இறங்குகின்றது. தோலின் சுண்ணாம்பை நீக்க அம்மோனியம் சல்பேட் இடுகின்றனர். நம் அங்கத்தினர் உரமாக அறிந்த அதே உப்புத்தான். தோலிலிருந்து கரையும் புரதமும் அதனோடு சேரும். ஆக, தழைச்சத்து அக்கழிவில் உண்டு என்பது உண்மையே. அதனோடு குரோமியமும் அளவிறந்த உப்பும் உண்டு. எருவைத் தனியே எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட ஆற்றுக்குத் தெரியாது.

கடலுக்கும் இது நல்லெரு ஆகாது. டயாட்டத்துக்குத் தழைச்சத்தும் சிலிக்காவும் ஏறத்தாழ ஒத்த அளவில் வேண்டும். சிலிக்கா பாறையும் மண்ணும் கரைந்து ஆற்றோட்டத்தில் வருவது, ஆலையிலிருந்து வருவதன்று. ஓட்டம் தடைப்பட்ட ஆறு சிலிக்காவைக் குறைவாகவும் கழிவின் தழைச்சத்தை மிகுதியாகவும் கொடுத்தால், டயாட்டம் பின்வாங்க, அதனினும் தீய உயிர்களுக்கு இடம் கிடைக்கும். பாலாறு பெரும்பாலான ஆண்டுகளில் கடலை எட்டுவதே இல்லை என்பது இதில் ஓர் ஆறுதலா, துயரமா என்று நம்மால் சொல்ல முடியவில்லை. 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியபோது, பல்லாண்டு மணலில் தங்கியது எவ்வளவு அதனோடு சென்றிருக்கும் என்று கரையில் நின்ற பலர் எண்ணியிருப்பர்.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற விதியை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டியதும், இழப்பீடு குறித்து 2025 ஜனவரி 30-ஆம் நாள் மீண்டும் தீர்ப்பளித்ததும் அங்கத்தினர் அறிந்தவையே. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீரை வடித்தெடுத்தபின் எஞ்சும் உப்பு மட்டும் இன்றும் முற்றங்களில் குவிந்து கிடக்கின்றது. அதற்கு வழி காணும் வரை நமக்கும் கடலுக்கும் வழக்கு ஒன்றே.

கிடங்கில் கேட்ட அங்கத்தினருக்கு இத்தனையும் சொல்ல அன்று நேரமிருக்கவில்லை. புட்டியிலுள்ள சாறு எங்கிருந்து வருகின்றது என்பதை மட்டும் கூறினோம். அவர், "விதையைப் பத்திரப்படுத்தினார்களா?" என்று கேட்டார். நெல்லுழவர் கேட்கக்கூடிய முதற்கேள்வியும் அதுதான். இராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் கடற்பாசிப் பூங்கா அமைக்க 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. நாற்று வங்கியும் திசு வளர்ப்புக் கூடமும் அதன் திட்டத்தில் உள்ளன. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் நிலையம் செயற்கைக்கோள் வழியே கடலின் நிறத்தைப் பார்த்துப் பாசிப்பெருக்க அறிவிப்பும் தருகின்றது. ஆனால் விண்ணிலிருந்து வரும் அந்த அறிவிப்பு விடியற்காலையில் மிதவையை நோக்கி நீரில் இறங்கும் பெண்ணின் காதுக்கு எட்ட வேண்டும். அரியாகேயில் அச்செய்தியைக் கொண்டு சேர்ப்பது மீனவர் சங்கம். மண்டபத்திலும் தொண்டியிலும் அதைச் செய்யும் சங்கம் எது என்று, சாற்றுரம் வாங்கும் சங்கம் என்ற முறையில் நாம் கேட்டு எழுதலாம்.